கூட்டம் கூடும் செய்தித்தளம் நல்ல தளமா? பக்கம் சாய்ந்தது கெட்ட தளமா?

மோல்மீன் பொண்ணு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் பர்மாவில் மோல்மீன் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பர்மிய மொழியில் வரும் செய்திகளைத் தமிழில் சுருக்கி, பேஸ்புக்கில் ஒரு சின்னப் பக்கம் நடத்துகிறேன். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு பர்மிய மொழி பேச வரும், படிக்க வராது. 1964க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போன சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்குப் பேசவும் வராது. திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் "அங்கே என்னதான் நடக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்காகத் தொடங்கியதுதான்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்தது இல்லையா, அப்போது ஆண்களுக்கு 18 முதல் 35, பெண்களுக்கு 18 முதல் 27 என்று வயது வரம்பு தொடங்கி எல்லாவற்றையும் சரிபார்த்து எழுதிப் போட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளின் தலையெழுத்தே அதில்தான் இருந்தது. பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே சமயம் ஏதோ ஒரு கோயில் வேப்பமரத்தில் பால் வடிகிறது என்று யாரோ எடுத்த வீடியோவைப் பகிர்ந்தேன். போன் ஓயவே இல்லை. திருச்சியிலிருந்து ஒரு பெரியம்மா "அந்தப் பாலைக் கொஞ்சம் பாட்டிலில் பிடித்து அனுப்ப முடியுமா" என்று கேட்டார்.

இன்னொரு பக்கம் என் சித்தப்பா. நான் செய்தி எடுக்கும் தளங்கள் எல்லாம் "ஒரு பக்கம் சாய்ந்தவை" என்கிறார். அவர் அரசு டிவி மட்டும்தான் பார்ப்பார். "அதில் யாரும் கத்துவதில்லை, நிதானமாகப் படிக்கிறார்கள்" என்பது அவர் வாதம்.

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எந்தத் தளத்திலிருந்து எடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? நிறையப் பேர் பார்ப்பதை நம்பலாமா? சாய்வு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டுமா? நீங்கள் எல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

பெகு வாத்தியார்:

அம்மா, கூட்டத்துக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. தெருக்கூத்துக்கு வரும் கூட்டம் திருமுறை வகுப்புக்கு வராது. அதற்காக வகுப்பை மூடிவிட முடியுமா?

சாய்வு விஷயத்தில் உன் சித்தப்பா முழுக்கத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டிலிருந்து வரும் தளங்களில் தலைப்பைப் படித்தாலே ரத்தம் கொதிக்கும்படி எழுதுகிறார்கள். நான் என்ன செய்கிறேன் என்றால், அரசு நாளிதழையும் படிக்கிறேன், அவர்களையும் படிக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எது வருகிறதோ அதை எடுத்துக்கொள்கிறேன். நீயும் அப்படிச் செய். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

---

தாம்வே போன்கடை:

தங்கச்சி, வாத்தியார் சொன்னதில் பாதிதான் எனக்கு ஒப்பு. இரண்டு பக்கமும் படி என்கிறார், சரி. நடுவில் எடு என்கிறாரே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கூட்டம் எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம். ஏனென்றால் அதைக் கடைக்குள்ளிருந்தே பார்த்தவன் நான்.

ரங்கூனில் தாம்வே பக்கம் போன் கடை வைத்திருக்கிறேன். பழைய ராணுவ ஆட்சியில் ஒரு சிம் கார்டு ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற ஊர் இது. 2014ல் ஊரிடூ, டெலினார் என்ற வெளிநாட்டு போன் நிறுவனங்கள் வந்து 1,500 கியாட்டுக்கு சிம் கொடுத்தபோது கடை வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் நான் உள்ளேயே போக முடிந்தது. மீன் விற்கும் அம்மா, சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா) மிதிப்பவர், மடத்துப் பையன், எல்லோருக்கும் அதுதான் முதல் போன். மின்னஞ்சல் என்றால் என்னவென்று தெரியாது. "பேஸ்புக் போட்டுக் கொடு" என்பார்கள். கணக்குத் திறந்து, ஒரு நடிகர் பக்கம், லாட்டரி முடிவு, யாராவது ஒரு பிக்குவின் பிரசங்கம் என்று நாலைந்துக்கு நாங்களே லைக் போட்டுக் கையில் கொடுப்போம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். அன்றிலிருந்து அந்த ஆளுக்கு அதுதான் பத்திரிகை, இன்டர்நெட் என்றாலும் அதுதான். அச்சுக்கு முன் தணிக்கை என்பதே 2012ல்தான் நீங்கியது. தனியார் நாளிதழ்கள் 2013 ஏப்ரலில்தான் வந்தன. பேப்பர் வாங்கிப் படிக்கும் பழக்கம் ஊன்றுவதற்குள் போன் வந்துவிட்டது.

2016ல் பேஸ்புக் இங்கே 'இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டுரை பேஸ்புக்குக்குள்ளேயே சட்டென்று திறக்கும், நடுவில் விளம்பரம் வரும், வருமானத்தில் ஒரு பங்கு பக்கத்தை நடத்துபவனுக்கு. அடுத்த சந்தில் சில பையன்கள் இருந்தார்கள். திடீரென்று என்னிடம் வந்து மலிவான போன்களை மொத்தமாக வாங்கினார்கள். ரீசார்ஜும் மொத்தமாக. என்னடா வியாபாரம் என்று கேட்டேன். ஒரு போனில் முஸ்லிம்களைத் திட்டும் பக்கம். இன்னொன்றில் தாய்லாந்து முகக் கிரீம். இன்னொன்றில் நடிகை விவாகரத்து. எல்லாம் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. அந்தப் பையனுக்கு முஸ்லிம்கள் மேல் கோபம் என்று ஒன்றும் கிடையாது. சாயங்காலம் முஸ்லிம் கடையில்தான் உட்கார்ந்து பராட்டா சாப்பிடுவான். எந்தப் பக்கத்துக்கு அன்றைக்குக் காசு அதிகமோ அதில் இரண்டு பதிவு சேர்த்துப் போடுவான், அவ்வளவுதான்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. எம்ஐடி டெக்னாலஜி ரிவியூ 2021ல் கணக்குப் போட்டே காட்டியது. 2015ல் பர்மாவில் பேஸ்புக்கில் அதிகம் வரவேற்புப் பெற்ற பத்துத் தளங்களில் ஆறு உண்மையான செய்தி நிறுவனங்கள். திட்டம் வந்து ஒரு வருடத்தில் அது இரண்டாகக் குறைந்தது. 2018ல் பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று வருடத்தில் நிருபர்கள் எல்லாம் வேலையை மறந்துவிட்டார்களா? இல்லை. ஒரு கொலையை விசாரிக்க நிருபர் மூன்று நாள் பஸ்ஸில் போய்வரும் நேரத்தில் இந்தப் பையன் முந்நூறு பதிவு போட்டுவிடுவான். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தி எதில் விரல் படுகிறது என்று மட்டும் பார்த்தால் யார் ஜெயிப்பான்?

இதைவிடப் பெரிய வேடிக்கை 2018ல் வெளியே வந்தது. ஆகஸ்டில் பேஸ்புக் நிறுவனம், ராணுவத் தலைமைத் தளபதியின் பக்கம் உட்பட நிறையப் பக்கங்களைத் தூக்கியது. அவற்றைப் பின்தொடர்ந்தவர்கள் சுமார் ஒரு கோடியே இருபது லட்சம். அக்டோபரில் தூக்கிய பக்கங்களைப் பார்த்தால் அழகுக்குறிப்பு, பொழுதுபோக்கு, பொது அறிவு என்று இருந்தன. பின்னால் ராணுவத்தின் கை இருப்பதாகப் பேஸ்புக்கே சொன்னது. முதலில் பவுடர், லிப்ஸ்டிக் போட்டுக் கூட்டத்தைச் சேர்ப்பது, வேண்டிய நேரத்தில் அந்தக் கூட்டத்துக்கு வேறொன்றை ஊட்டுவது. இதனால்தான் "இத்தனை லட்சம் பேர் பார்க்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், எதைக் காட்டி இந்த லட்சத்தைச் சேர்த்தாய் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

இப்போது வாத்தியாரின் 'நடு'வுக்கு வருகிறேன். 2017 நவம்பரில் ராணுவம் மேற்கே ரக்கைன் மாநிலத்தில் தன் ஆட்கள் தவறே செய்யவில்லை என்று தானே விசாரித்து அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்னால் செப்டம்பரிலேயே இன் டின் கிராமத்தில் அரசு குடிமக்களாக ஏற்காத ரொஹிங்கியா முஸ்லிம்களில் பத்து ஆண்களைக் கொன்று ஒரே குழியில் புதைத்திருந்தார்கள். ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் அதைத் தோண்டி எடுத்தார்கள். யாரிடம் கேட்டு? அதே ஊர் பௌத்தக் கிராமத்தாரிடம். புதைத்தவர்களே வாயால் சொன்னார்கள், போட்டோவும் இருந்தது. டிசம்பரில் இருவரையும் கைது செய்தார்கள். 2018 ஜனவரியில் ராணுவமே "ஆமாம், பத்துப் பேரைக் கொன்றோம்" என்று ஒப்புக்கொண்டது. இறந்தவர்களைப் பயங்கரவாதிகள் என்றது. ஏழு சிப்பாய்களுக்குப் பத்து வருடம் கிடைத்தது, ஆனால் ஒரு வருடம்கூட உள்ளே இருக்கவில்லை. நிருபர்களோ 511 நாள் இருந்தார்கள்.

வாத்தியாரே, இதில் நடு எது? ஒன்றுமே நடக்கவில்லை என்பதற்கும் பத்துப் பேர் செத்தார்கள் என்பதற்கும் நடுவில் ஐந்து பேரா?

இன்னொன்றும் உண்டு. அந்தச் செய்திக்கு இங்கே வரவேற்பே இல்லை. புலிட்சர் பரிசு வந்தபோதுகூட என் கடைக்கு எதிர் டீக்கடையில் அந்த இருவரையும் துரோகி என்றுதான் பேசினார்கள். அந்தச் சமயத்தில் இந்த நாட்டில் எழுதப்பட்டதிலேயே உருப்படியான செய்தி அதுதான் என்பது என் அபிப்பிராயம். லைக் கணக்கில் முகக் கிரீமுக்குப் பக்கத்தில்கூட வராது.

அதனால் என் அளவுகோல் ஒன்றுதான். தன் வாசகனுக்குப் பிடிக்காத செய்தியை அந்தத் தளம் எப்போதாவது போட்டிருக்கிறதா? போட்டுவிட்டு, திட்டு வந்தபோது அதை அழிக்காமல் வைத்திருந்ததா? இந்த இரண்டுக்கும் ஆமாம் என்றால் அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் நான் படிப்பேன். உன் சித்தப்பா சொல்லும் நிதானம் எனக்குப் பொருட்டே இல்லை. பொய்யையும் நிதானமாகப் படிக்கலாம், டை கட்டிக்கொண்டு.

---

மேசோட்டிலிருந்து:

போன்கடை அண்ணன் எழுதியதைப் படித்தேன். பெரும்பாலும் சரி. ஆனால் எல்லாவற்றையும் அந்தச் சந்துப் பையன்கள் தலையில் கட்டிவிட்டார் என்று தோன்றுகிறது. நான் 2021 வரை ரங்கூனில் ஒரு செய்தி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பு பார்த்தேன். அந்த வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, மார்ச் 8ஆம் தேதி மிசிமா, டிவிபி, கிட் திட், மியான்மார் நவ், செவன் டே என ஐந்து நிறுவனங்களின் உரிமத்தை ஒரே நாளில் ரத்து செய்தார்கள், ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு பலரும் எல்லை தாண்டித் தாய்லாந்துப் பக்கம் வந்துவிட்டோம்.

அண்ணே, 2014 ஜூலையில் மண்டலே கலவரம் நடந்தபோது இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் எங்கே இருந்தது? டீக்கடை முஸ்லிம் முதலாளி, வேலைக்காரப் பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஒரு பொய். அதை முஸ்லிம் எதிர்ப்புப் பேச்சுக்குப் பேர்போன விராது பிக்கு தன் பேஸ்புக்கில் பகிர்ந்தார். இரண்டு பேர் செத்தார்கள், ஒருவர் முஸ்லிம், ஒருவர் பௌத்தர். அதைப் பரப்பி யாரும் விளம்பரக் காசு பார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. வெறுப்புக்கு விளம்பர வருமானம் தேவைப்படவில்லை.

2017லும் அப்படித்தான். பயிற்சி பெற்ற, பரிசு வாங்கிய, ராணுவத்திடம் அடிவாங்கிய பத்திரிகையாளர்கள் நிறைந்த அறைகளிலேயே ரொஹிங்கியா என்ற பெயரை எழுத மாட்டேன் என்றவர்கள் இருந்தார்கள். ராணுவத்தை மற்ற எல்லா விஷயத்திலும் சந்தேகப்படுபவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ராணுவம் சொன்னதை அப்படியே போட்டார்கள். அவர்கள் பொய் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. சாய்வு பெரும்பாலும் அப்படித்தான் வேலை செய்யும். என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் அகப்படாது, எந்த ஊருக்கு ஆள் அனுப்பவில்லை என்று பார்த்தால் அகப்படும். 2021க்குப் பிறகு அதே ஆட்களில் பலர் ரொஹிங்கியாக்களிடம் பேஸ்புக்கில் மன்னிப்புக் கேட்டார்கள். நல்லதுதான். நாலு வருடம் தாமதம்.

இப்போது எங்கள் பக்கத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ராணுவ ஆட்சிக்கு எதிரானவர்கள். அதை மறைப்பதில்லை, மறைத்தாலும் யாரும் நம்பப் போவதில்லை. போராளிக் குழு ஒன்று "ஐம்பது சிப்பாய்களைக் கொன்றோம்" என்று அறிக்கை விடும். அதை அப்படியே தலைப்பாக்கிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் எங்கோ போய்விடும். "இந்த எண்ணிக்கையை எங்களால் தனியாக உறுதி செய்ய முடியவில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் வேகம் பாதியாகும். போராளிகள் சாதாரண ஜனங்களிடம் பணம் பறித்ததாக எழுதினால் கமெண்டில் எங்கள் ஆசிரியரின் அம்மா வரை இழுப்பார்கள். எழுதுகிறோம், ஆனால் ஒவ்வொரு முறையும் மேசையில் சண்டை போட்டுத்தான்.

இதில் 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவியும் நின்றுபோனது. அதை நம்பி இருந்த செய்தி அறைகளில் பாதிச் சம்பளம், சில இடத்தில் சம்பளமே இல்லை. யூடியூப் வருமானம்தான் வாடகை கொடுக்கிறது. அப்போது "பார்வை முக்கியமில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உறுதி செய்யும் நிருபருக்குச் சோறு போடுவதும் அந்தப் பார்வைதான்.

மோல்மீன் தங்கைக்கு ஒன்று: ஒரே சண்டையைப் பற்றி மூன்று தளம் எழுதினால் மூன்று ஆதாரம் என்று நினைக்காதே. பல நேரம் மூன்றும் ஒரே டெலிகிராம் பதிவிலிருந்து எடுத்ததாக இருக்கும். அந்தந்த ஊர்க்காரர்கள் நடத்தும் சின்னத் தளங்களைத் தேடு. தெற்கே டாவே வாட்ச் மாதிரி. கூட்டம் குறைவு, ஆனால் அந்தத் தெரு அவர்களுக்குத் தெரியும்.

---

பெகு வாத்தியார்:

நடு என்று சொன்னதற்கு இவ்வளவு அடியா! சரி, போன்கடைக்காரர் சொன்ன இன் டின் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று மண்டலே, சகாயிங் பற்றி வந்த வீடியோக்களில் எது நிஜம், எது கம்ப்யூட்டரில் செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. உடைந்த கோபுரம் என்று என் மாணவன் அனுப்பியது செயற்கையாக உருவாக்கியது என்று அப்புறம்தான் தெரிந்தது. அதைச் செய்தவனுக்கு எந்தப் பக்கச் சாய்வும் இல்லை, வாசகனுக்குப் பிடிக்காததைப் போடும் அவசியமும் இல்லை. உங்கள் அளவுகோல் அவனை எப்படிப் பிடிக்கும்?

---

தாம்வே போன்கடை:

நல்ல கேள்வி வாத்தியாரே. என் அளவுகோல் தளத்துக்கு, தனி வீடியோவுக்கு அல்ல. முகவரி இல்லாதவன் அனுப்பியதை நான் செய்தி என்றே எடுத்துக்கொள்வதில்லை. அழகாக இருந்தாலும் சரி, அழுகை வந்தாலும் சரி.

நிலநடுக்கம் முடிந்த கையோடு டிக்டாக்கில் ஒரு ஜோசியர் ஏப்ரல் 21ஆம் தேதி இன்னொரு பெரிய நடுக்கம் வரும் என்றார். முப்பது லட்சத்துக்கும் மேல் பார்த்தார்கள். பயந்துபோய் ரங்கூனில் வெட்டவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. எங்கள் மாடியில் இருந்த ஒரு குடும்பம் மின்விசிறியைக்கூடக் கழற்றி எடுத்துக்கொண்டு பார்க்குக்குப் போனது. மின்சாரத்துக்கு எங்கே போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நடுக்கம் வரவில்லை, ஜோசியரைத்தான் போலீஸ் பிடித்தது. நிலநடுக்கம் எந்தத் தேதியில் வரும் என்று எந்த விஞ்ஞானியாலும் சொல்ல முடியாது என்று விளக்கி எழுதியவர்களும் இருந்தார்கள். அதை என் கடையில் யாரும் எனக்குக் காட்டவில்லை.

மேசோட் அக்கா சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், மண்டலே விஷயத்தில் அவர் சொல்வது சரி. வெறுப்பு முன்பே இருந்தது. காசு வந்ததும் அதற்கு ஆள்வைத்து வேலை நடந்தது. இதற்கு மேல் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை.

---

மோல்மீன் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு இதைப் படித்துக்காட்டினேன். "டை கட்டிக்கொண்டு" என்ற இடத்தில் சிரித்துவிட்டார், ஆனால் டிவியை மாற்றவில்லை.

வேப்பமரப் பதிவை எடுக்கப் போவதில்லை. அதைப் பார்க்க வந்தவர்களில் கொஞ்சம் பேர் ராணுவச் சேவைப் பதிவையும் பார்த்திருக்கிறார்கள். இனி பால், மரம், சாமி எல்லாம் தனிப் பக்கம், செய்தி தனிப் பக்கம் என்று பிரிக்கலாமா என்று யோசிக்கிறேன். பிரித்தால் செய்திப் பக்கத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்று தங்கை பயமுறுத்துகிறாள்.

மேசோட் அக்காவிடம் ஒரு கேள்வி. எந்தத் தளத்திலிருந்து எடுத்தேன் என்று பெயர் போடுவதுதான் நியாயம். ஆனால் இங்கே லைக் போட்டதற்கே, ராணுவத்தை எதிர்த்துப் பேசுபவர்கள் மேல் பாயும் 505ஏ பிரிவில் கேஸ் போடுகிறார்கள். தடைசெய்த தளத்தின் பெயரைப் போட்டால் நாளைக்கு வீட்டுக்கு ஆள் வந்தால் என்ன செய்வது?

---

மேசோட்டிலிருந்து:

பெயர் போடாதே. நியாயத்தை எல்லாம் நாங்கள் இங்கே இருந்துகொண்டு பேசலாம், நீ அங்கே இருக்கிறாய். செய்தி எந்தத் தேதியில் வந்தது, சம்பவத்தை நேரில் பார்த்தவர் சொன்னதா, ஒரு குழுவின் அறிக்கையா, இந்த இரண்டை மட்டும் தமிழில் தெளிவாக எழுது. லிங்க் வேண்டாம். மூலப் பதிவின் ஸ்கிரீன்ஷாட்டை உன் போனில் வைக்காமல், தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது அனுப்பி வைத்துவிட்டு உன் பக்கத்தில் அழித்துவிடு. சோதனைச் சாவடியில் போனைக் கேட்பார்கள். பக்கத்தைப் பிரிப்பதாக இருந்தால் செய்திப் பக்கத்துக்கு அட்மினாகவும் அங்கே இருப்பவரையே போடு.

---

தாம்வே போன்கடை:

பெரியம்மாவை அட்மினாகப் போட்டுவிடாதே தங்கச்சி. முதல் நாளே பால் பாட்டில் வந்துவிடும்.